பச்சை மலைத் திராட்சைக்குப் பூண்டு பூசிய கதை

திராட்சையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னவர் என் மாப்பிள்ளை. மஸ்கட்டில், ரூவியில், தன் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "எங்க மாமனார் கம்பம் பள்ளத்தாக்குல திராட்சை போடுறார், அவர் கை பட்டா பட்ட கொம்பும் காய்க்கும்" என்று அளந்துவிட்டிருக்கிறார். என் காதுக்கு அது வந்தபோது நான் மறுக்கவில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று என் மனைவியிடம் இன்றுவரை சொல்லிவருகிறேன். அவள் நம்புவதாக இல்லை.

மகளும் பேத்தியும் கூப்பிட்டார்கள் என்பதுதான் ஊரில் நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம். தை பிறப்பதற்கு முன் கிளம்பினேன். மனைவி வரவில்லை. பந்தலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சைக்கு ஓய்வு என்பதே கிடையாது. ஒரு பக்கம் பழம் வெட்டுவோம், அடுத்த மாதம் கவாத்து, அதற்கடுத்து மறுபடி மொட்டு. வருடம் பூராவும் யாராவது பந்தலுக்குக் கீழே அண்ணாந்துகொண்டே நிற்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்குக் கழுத்துவலி.

மஸ்கட் விமான நிலையம் கல்யாண மண்டபம் போலச் சுத்தமாக இருந்தது, சாப்பாடு மட்டும்தான் போடவில்லை. வெளியே மாப்பிள்ளை மகேஷ் நின்றுகொண்டிருந்தார். திருச்சிக்காரர். ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பிரிவு மேனேஜர். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை உட்காராமல் மாமனார் உட்காரக் கூடாது. அவர்கள் பக்கத்தில் மாமனார் உட்காராமல் மாப்பிள்ளை உட்காரக் கூடாது. அதனால் வீட்டுக்குப் போனதும் இருவரும் சோபாவுக்கு முன்னால் நின்றபடியே காபி குடித்தோம். என் மகள் கயல் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை, அவர் சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை. சிலமுறை இதனால் இருவருமே விரும்பாத சினிமாவுக்குப் போயிருக்கிறோம்.

ரூவியை வெளிநாடு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டைக் கழுவித் துடைத்து, ஹாரன் அடிப்பவர்களின் கையைக் கட்டிப்போட்டால் ரூவி. பரோட்டாவுக்கு ஒரு கடை, இட்லிக்கு ஒரு கடை, இரண்டுக்கும் நடுவில் கைக்கடிகாரம் விற்கும் கடை. டாக்ஸிக்காரர் ஒமானி, என்னிடம் ஹிந்தியில் பேசினார். நாசிக்கிலிருந்து வரும் திராட்சை வியாபாரிகளிடம் நான் கற்ற ஹிந்தி பேரம் பேசத்தான் உதவும், நலம் விசாரிக்க உதவாது. "கித்னா", எவ்வளவு என்று கேட்டேன். "குடும்பம் நலமா என்றுதான் கேட்டேன்" என்று அவர் சொன்னதாக மாப்பிள்ளை பிறகு மொழிபெயர்த்தார்.

இரண்டாம் நாள் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார்கள். சிலி நாட்டுத் திராட்சை, தென்னாப்பிரிக்கத் திராட்சை, லெபனான் திராட்சை என்று வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பழம் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். அங்கே நின்ற பையன் ஒன்றும் சொல்லவில்லை, என் மகள்தான் பல்லைக் கடித்தாள். எல்லாமே பெரிது, எல்லாமே மொறுமொறு, ஒன்றிலும் வாசனை இல்லை. நம் ஊர்ப் பன்னீர் திராட்சையை ஒரு அறையில் வைத்தால் அடுத்த தெருவுக்குத் தெரியும். இதை நான் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் ஆப்பிள் பொறுக்கிய யாரோ ஒரு தமிழ்ப் பெண் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, நின்றபடிதான், மாப்பிள்ளை மெல்ல விஷயத்தை அவிழ்த்தார். அவருடைய முதலாளி நாசர், ஜபல் அக்தர் என்கிற பச்சை மலையின் உச்சியில் ஒரு படிக்கட்டு வயல் வாங்கிப் போட்டிருக்கிறார். சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டலாம் என்பது எண்ணம். அந்தச் சமயத்தில் கம்பெனி கோடவுனில் வேலை பார்த்த யோகநாதன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், அந்த இடம் திராட்சைக்குப் பொருத்தம், எனக்கு ஒரு வருடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மேலே போயிருக்கிறார். போன பங்குனியில் நாற்று நட்டு, வெயில் காலத்தில் கொடிகள் கம்பியில் ஏறிச் செழித்து நின்றன. நாசருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மார்கழியில் ஒரு இலை பாக்கியில்லாமல் கொட்டிவிட்டது. இப்போது அத்தனையும் விறகு.

"இன்னும் கொஞ்ச நாள்ல பச்சை தெரியலைனா புடுங்கிட்டு கான்கிரீட் போடப்போறேங்கிறார், மாமா. யோகா அண்ணனோட விசாவ கேன்சல் பண்ணிடுவார். கோடவுன்லயும் அவர் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. அவர் சின்னப் பொண்ணு யாழ்ப்பாணத்துல டாக்டருக்குப் படிக்குது, முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

அதற்கு நான் வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவேயில்லை. வந்த இடத்தில் என் பெருமையைக் காட்ட ஒரு மலையே கிடைத்திருக்கிறது என்று உள்ளுக்குள் குஷி. மெய்யைச் சொல்வதற்கென்ன, அந்த மனுஷனின் விசாவைவிட என் மீசைதான் எனக்கு முன்னால் நின்றது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மாப்பிள்ளையின் காரில் கிளம்பினோம். மலை அடிவாரத்து ஊரின் பெயருக்கு வாழைப்பழக் குளம் என்று பொருளாம். குளத்தையும் காணோம், எங்கள் கண்ணில் வாழையும் படவில்லை. சற்றுத் தள்ளிப் போலீஸ் சோதனைச் சாவடி இருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி தவிர வேறெதுவும் மேலே போகக் கூடாது என்று போலீஸ்காரர் புன்னகையோடு சொன்னார். மாப்பிள்ளையின் வண்டியிலும் நாலு சக்கரம்தானே இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்து எண்ணிக் காட்டினேன். அவர் மறுபடி புன்னகைத்தார். ஒமானியர்களின் புன்னகையோடு வாதாட முடியாது. காரை ஓரம் கட்டிவிட்டு யோகநாதனுக்குப் போன் செய்தோம்.

அவர் பிக்கப் வண்டியில் இறங்கி வந்தார். என் வயதுக்குச் சற்றுக் குறைவு, ஒல்லி, கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. சவூதியில் யான்பு சுத்திகரிப்பு ஆலையில் நெடுங்காலம் வெந்துவிட்டு, பிறகு ரூவி கோடவுனில் வெந்தவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தலையில் குரங்குக் குல்லா இருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது.

"வாங்கோ அண்ணை. கம்பத்துக்காரர் எண்டு மகேஷ் தம்பி சொன்னவர். எங்கட ஊரும் திராட்சைதான், கோண்டாவில்."

இலங்கையில் திராட்சை விளைகிறதா என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு வளைவுகள் முடியும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சாலையில் வளைவுகள் மிக அதிகம். எங்கள் குமுளி மலைப் பாதையை நிமிர்த்தி வைத்தது போல ஏறுகிறது. காது அடைத்தது, மூக்கு சில்லிட்டது. மேலே இறங்கியபோது பல் தானாகத் தந்தியடித்தது. வளைகுடாவுக்குப் போகிறவன் ஸ்வெட்டர் எடுத்துப்போக வேண்டும் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை. கீழே மக்கள் ஏசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மேலே விடிகாலையில் வாளித் தண்ணீர் உறையுமாம். யோகநாதன் தன் மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கோபத்தோடுதான் கொடுத்தார், ஆனாலும் கொடுத்தார்.

மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். வாய்க்காலில் கண்ணாடி போலத் தண்ணீர். நாசரின் வயலில் இரண்டு வரிசைக் கொடிகள், இலையில்லாமல், பழைய கயிற்றுத் துண்டுகளாகக் கம்பியில் தொங்கின. சில கொடிகளின் அடியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியிருந்தது. "என்ர போர்வைதான். குளிர் எண்டுதான் வாடுதோ எண்டு போட்டனான்" என்றார் யோகநாதன்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் காமிஸ் என்ற ஒமானியரின் தோட்டம். அவர் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் இருக்கிறதாம். அவருடைய திராட்சைக் கொடியும் மொட்டை. மாதுளை மொட்டை. வாதுமை மரம் மொட்டை. ரோஜாச் செடி வெறும் முள். மலையில் பச்சை என்று இருந்தது காமிஸின் வீட்டுக் கதவு ஒன்றுதான். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "நோய் அங்கிட்டு இருந்துதான் பரவியிருக்கு" என்று மாப்பிள்ளையிடம் தீர்ப்பாகச் சொன்னேன். அவர் கவலையோடு தலையாட்டினார். நான் சொல்லி அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை.

கையோடு ஒரு கொடியை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பசுமை. அப்படியானால் சாகவில்லை. உயிர் இருக்கிறது, துளிர்க்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான், கவாத்து பண்ணவில்லை என்று அர்த்தம். கொடியை வெட்டி, துளிர் கிளம்பும் கண்ணில் மருந்து பூசினால் ரெண்டு மூணு வாரத்தில் எழுந்து நிற்க வேண்டியதுதானே.

காமிஸ் சுவருக்கு மேலாக எங்களைக் காபிக்குக் கூப்பிட்டார். அவர்கள் காபியில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, ஏலக்காய் உண்டு. கூடப் பேரீச்சம்பழம் கடித்துக்கொள்ள வேண்டும். காலிக் கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. மரியாதைக்காகக் குடித்துக் குடித்து அன்று எனக்கு வயிறு உப்பிவிட்டது. யோகநாதன் அரபியில் ஏதோ கேட்டார், காமிஸ் தன் கொடியைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினார்.

"உதுகள் நித்திரையாம் அண்ணை. குளிர் முடிய தானா எழும்புமாம். ஒண்டும் செய்யவேண்டாமாம்" என்றார் யோகநாதன்.

திராட்சை தூங்குமா? முப்பத்தைந்து வருடமாகப் பந்தலுக்குக் கீழே நிற்கிறேன், ஒரு கொடி கொட்டாவி விட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்யச் சோம்பல்பட்டவன் சொல்கிற சாக்கு என்று எனக்குப் பட்டது. அதை இவ்வளவு பச்சையாகச் சொல்லாமல், நம்ம ஊர் முறையில் செய்து பார்ப்போமே என்றேன். யோகநாதன் வெகுநேரம் யோசித்தார். அவருக்கும் தூங்குகிற திராட்சை புதிது. கோண்டாவிலிலும் கொடி தூங்குவதில்லை. ஆனால் இது அவர் வேலை, அவர் மகளின் படிப்பு. கடைசியில் வாய்க்கால் ஓரத்து வரிசையைக் காட்டினார்.

"உந்த வரிசையை நீங்கள் எடுங்கோ. மற்றதைத் தொடவேண்டாம் அண்ணை. காமிஸ் சொல்லுறதுக்கும் ஒண்டு கிடக்கட்டும்."

கம்பத்துக்காரன் பேச்சையும் பக்கத்து வீட்டுக்காரன் பேச்சையும் ஒரே தராசில் வைத்துவிட்டாரே என்று எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் மத்தியானம் அவர் போட்ட புட்டும் டின் மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் அந்த ரோஷத்தைக் கரைத்தன. அந்தக் குளிரில் ஆவி பறக்கும் புட்டைக் குழம்பில் பிசைந்து சாப்பிடக் கிடைத்தால் எதிரியையும் மன்னிக்கலாம். சாப்பிடும்போது சொன்னார், இந்த மலைக்கு வந்த பிறகுதான் வளைகுடாவில் முதல்முறையாகப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாராம். யான்புவில் அறைக்கு எட்டுப் பேர், ஏசி ஓடினால் சத்தம், நின்றால் புழுக்கம். "எனக்கெண்டால் உந்தக் குளிர் சொர்க்கம்" என்றார். போர்வையைத்தான் கொடிக்குக் கொடுத்துவிட்டாரே, இப்போது எதைப் போர்த்துகிறீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டார்.

கண்ணில் பூசும் மருந்துக்கு எங்கே போவது? விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே கடையில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் மருந்து கிடைக்காத வருடங்களில் பூண்டை அரைத்துப் பூசியிருக்கிறோம். ஆகவே ரூவியில் மூட்டைப் பூண்டு வாங்கினேன். என் மகளின் மிக்ஸி ஒரு ராத்திரியில் தன் ஆயுசில் பாதியை இழந்தது. மறுநாள் மாடிக்காரர், மலையாளி, கதவைத் தட்டி இன்றைக்கு என்ன விசேஷம் என்று விசாரித்தார். பேத்தி என் மடியில் உட்கார மறுத்து, "தாத்தா, யூ ஸ்மெல் லைக் பிட்சா" என்றாள். மாப்பிள்ளை மட்டும் எதுவும் சொல்லவில்லை. கண்ணில் நீர் வழிய, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார். அடிவாரத்தில் யோகநாதனின் பிக்கப்புக்கு மாறினோம். சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தவர், புன்னகையைப் பாதியில் நிறுத்திக் கையை ஆட்டிப் போகச் சொன்னார். அந்தப் புன்னகை நின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

என் வரிசையைக் கவாத்து செய்தேன். ஒவ்வொரு கண்ணிலும் பூண்டு விழுதைத் தடவினேன். காமிஸ் சுவர்மேல் கையூன்றி வேடிக்கை பார்த்தார். ஆட்டுக்கறிக்கு மசாலா தடவுகிறான் என்று நினைத்திருப்பார் போல, யோகநாதனிடம் எப்போது சமைக்கப்போகிறார்கள் என்று கேட்டாராம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குக் கேடு. பூண்டு வேலை செய்துவிட்டது. அடுத்தடுத்த வாரங்களில் மலையில் வெயில் உறைத்தது. என் வரிசையில் கண்கள் உப்பின. ஒருநாள் காலை யோகநாதன் போட்டோ அனுப்பினார். சிவப்பும் பச்சையுமாக, சுண்டுவிரல் நுனியளவு துளிர். மாப்பிள்ளை அந்தப் படத்தை நாசருக்கு அனுப்ப, நாசர் பெரிய டப்பாவில் அல்வா அனுப்பினார். ஒமான் அல்வா கருப்பாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. நான் அதை ருசித்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டு அரபு நாட்டிலும் நம் கொடி பறக்கிறது என்றேன். மனைவி, நம்ம கொடியில செவட்ட நோய் தெரியுது, முதல்ல வந்து அதப் பாருங்க என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நாசர் ஒரு உத்தரவும் போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை தானே மலைக்கு வருவதாகவும், அதற்குள் மற்ற வரிசைக்கும் அந்த மந்திர மருந்தைப் பூசிவிட வேண்டும் என்றும். நான் மறுபடி பூண்டு வாங்கினேன்.

வியாழன் இரவு ரூவியிலேயே காற்று ஒரு மாதிரி சில்லென்றிருந்தது. காலையில் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தோம். யோகநாதன் பிக்கப்பை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும் பூண்டு மூட்டையைக் காரிலேயே விட்டுவிட்டேன். மேலே வயலில் வாளித் தண்ணீரின் மேல் பனி தகடாக நின்றது. என் வரிசையில் துளிர்கள் அத்தனையும் கருகி, கரி பிடித்த திரி போலத் தொங்கின. தொட்டேன், விரலில் பிசுபிசுத்து வந்துவிட்டது. பக்கத்து வரிசை, யோகநாதன் தொடவிடாத வரிசை, அப்படியே இலையில்லாமல், எதுவும் நடக்காதது போல நின்றது. அதற்கென்ன, போர்வைக்குள் இருப்பவனைக் குளிர் என்ன செய்யும். நான் அல்லவா தூங்கியவனை எழுப்பிச் சட்டையைக் கழற்றி வெளியே நிறுத்தியவன்.

அந்தச் சமயத்தில்தான் காமிஸ் கண்ணை மூடிக் காட்டியது எனக்குப் புரிந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். உட்காரலாம் என்றால் உட்காரவும் தோன்றவில்லை.

நாசர் வந்தார். தூய வெள்ளை அங்கி, அத்தர் வாசனை, சாப்பாட்டுக்கு மண்ணில் புதைத்துச் சுட்ட ஆட்டுக்கறி. கருகிய வரிசையைப் பார்த்தார். மொட்டை வரிசையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ சொன்னார். என் இங்கிலீஷ் மோசம்தான், ஆனால் யோகா, நைட், கவர், ஃபர்காட் என்ற நாலு வார்த்தைக்கு அகராதி வேண்டாம். யோகா ராத்திரி மூடி வைக்க மறந்துவிட்டார் என்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனுஷனின் தலையில் கல்லைத் தூக்கிப் போடுகிறார்.

யோகநாதன் மறுப்பார் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். வருத்தத்தோடுதான் சொன்னார் நாசர், ஆனாலும் சொல்லிவிட்டார்: "கலாஸ், யோகா. கலாஸ்." முடிந்தது.

மாப்பிள்ளை சொன்னதை மாமனார் நாலு பேருக்கு முன்னால் பொய் என்று சொல்வதா? அதுவும் அவர் முதலாளிக்கு முன்னால்? எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது. பேத்தியின் முகம் கண்ணில் வந்தது. மறுபக்கம் நான் போட்டிருந்த கம்பளிச் சட்டை யோகநாதனுடையது. முதல் நாள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு எப்படி வாய்மூடி நிற்பது?

"நாசர் பாய்" என்றேன். "யோகா மிஸ்டேக் மாஃபி. மை மிஸ்டேக். திஸ் லைன், மை கார்லிக். தட் லைன், யோகா லைன். ஸ்லீப்பிங். குட்."

மாஃபி என்றால் இல்லை, ரூவியில் நான் கற்ற அரபி அவ்வளவுதான். நாசருக்குப் புரிந்ததோ இல்லையோ. நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அவர் காதுமடல் சிவந்துவிட்டது.

"மாப்ளே, நாஞ் சொல்றத அப்படியே அவருட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தகூடக் கொறயக் கூடாது. ஒண்ணும் செய்யவேணாம்னு காமிஸ் சொன்னத இந்த மனுசன் எடுத்துச் சொன்னாரு. நாந்தான் கேக்காம, தூங்குற கொடிய எழுப்பிக் கொன்னுபுட்டேன். அவரு தொடவிடாத வரிசதான் பொழச்சுக் கெடக்கு."

ஏழு வருடத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளை நான் சொன்னதற்குத் தலையாட்டாமல் நின்றார். பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தார். தான் முதலில் சொன்னது தப்பு என்பதையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது, நடுவில் அவர் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டதில் தெரிந்தது. நாசர் சுவருக்கு அந்தப் பக்கம் காமிஸைக் கூப்பிட்டார். காமிஸ் தாண்டி வந்து, யோகநாதனின் கொடியை நகத்தால் சுரண்டி உள்ளிருக்கும் பசுமையைக் காட்டினார். தன் ரோஜாச் செடிப் பக்கம் கையை நீட்டி, அது பூப்பதற்குள் கொடியும் எழுந்துவிடும் என்றாராம். நாசர் நெடுநேரம் தாடியைத் தடவினார். பிறகு, ரோஜா பூக்கும்வரை பொறுப்பேன், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்றார். ஆட்டுக்கறியைப் பிரித்தோம். வாயில் வைத்தால் கரைகிற கறி. எனக்கு அன்று தொண்டையில் இறங்கவில்லை, ஒரு முழுத் தொடை தவிர.

காரில் திரும்பினோம். பின் சீட்டில் அரைக்காத பூண்டு மூட்டை உருண்டுகொண்டு வந்தது. பாதி வழியில் மாப்பிள்ளை ஒரு சாயாக்கடையில் நிறுத்தினார். இரண்டு கரக் சாயா வாங்கி வந்து வைத்தார். பிறகு, எனக்கு முன்னால், தான் முதலில் உட்கார்ந்தார்.

"உக்காருங்க மாமா."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஊதி ஊதிக் குடித்தோம்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாமா."

"நானும் பூண்டு அரைச்சிருக்கக் கூடாது மாப்ளே."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சாயாவுக்கு அப்புறம் எங்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் முதலில் உட்காரலாம் என்று ஆகிவிட்டது. கிளம்புகிற வாரத்தில் நான் பார்க்கச் சொன்ன படத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் மனைவி சொன்ன செவட்ட நோய் உண்மையாகவே பந்தலில் இருந்தது. மருந்தடித்தேன், கவாத்து செய்தேன், வேலை பிடித்துக்கொண்டது. ஆனால் தினமும் போனை எடுத்துப் பார்ப்பேன். பங்குனி போனது. ரோஜா எப்போது பூக்கும் என்று மகளிடம் கேட்டால், மலையில் ஏற்கெனவே மொட்டு விட்டாயிற்றாம், நாசர் காண்டிராக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறாராம் என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இம்முறை நிஜமாகவே இறங்கவில்லை.

சித்திரையில் ஒருநாள் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நிற்கும்போது வீடியோ கால் வந்தது. யோகநாதன். ஒற்றைக் கம்பளிச் சட்டைதான் போட்டிருந்தார், இன்னொன்று என்னிடம் இருக்கிறதே. போனைத் திருப்பினார். அவருடைய வரிசை முழுக்கப் பச்சை. கம்பியே தெரியவில்லை. சுவருக்கு அப்பால் காமிஸின் ரோஜா இளஞ்சிவப்பாக நின்றது. விசா என்ன ஆச்சு என்று கத்தினேன். "ரெண்டு வருசத்துக்கு அடிச்சுத் தந்திட்டார் அண்ணை" என்றார். கம்பளிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, பந்தலில் தெளித்த மருந்து என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு போன் மெல்ல வாய்க்கால் ஓரம் நகர்ந்தது. என் வரிசை. கருகிய துளிர் ஒவ்வொன்றும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே, அதே கண்ணின் இடுக்கிலிருந்து, இன்னொரு துளிர் கிளம்பி இலை விரித்திருந்தது. ஒரு கண்ணுக்குள்ளே இன்னொரு கண் ஒளிந்திருக்கும் என்று எனக்கும் தெரியும்தான். எங்கள் ஊரில் அதற்கு வேலை வந்ததில்லை.

"உங்கட ஆக்களும் எழும்பிட்டினம்" என்றார் யோகநாதன். "கொஞ்சம் கோபமாத்தான் எழும்பியிருக்கினம். காய்க்கேக்க கட்டாயம் வாங்கோ அண்ணை. கையை மட்டும் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு வாங்கோ."

அப்படியே வருகிறேன் என்றேன்.